பேச முடியாத வேளைக்கு ஒரு சாசனம்

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறைக்கு விடியற்காலையில் ஸ்நானத்துக்கு வருகிற முதியவர்களின் சம்பாஷணையைச் சற்று நேரம் காது கொடுத்துக் கேட்டால், மேட்டூரில் தண்ணீர் திறந்தார்களா, உத்தர வீதியில் யாருடைய வீடு விலைக்கு வந்திருக்கிறது, யாருடைய பேரன் அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறான் என்ற விஷயங்களுக்கு நடுவே, நாள் தவறாமல் ஒரு பிரார்த்தனையும் தலைகாட்டிப் போவதைக் கவனிக்கலாம். "அநாயாசமாப் போய்ச் சேரணும், படுக்கையிலே கிடந்து பிறத்தியாருக்குப் பாரமா இருக்கப்படாது" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையசைத்து ஆமோதிக்க, பேச்சு உடனே காபிக்குப் போய்விடும். இப்படிச் சொல்லுகிறவர்களுள் எத்தனை பேர் இதே வார்த்தையைத் தம் மக்களை எதிரே உட்காரவைத்துக்கொண்டு வீட்டில் நிதானமாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று நான் விசாரித்ததுண்டு. "ஆத்துலே அதைப் பேசினா அவ அழ ஆரம்பிச்சுடறா" என்பதே பெரும்பாலும் கிடைத்த பதில். மரணத் தறுவாயில் வைத்தியம் எதுவரை செல்லலாம் என்பதை ஒருவர் ஸ்வயபுத்தியோடு இருக்கையிலேயே எழுதி வைக்கலாமா, எழுதினால் அது செல்லுமா, செல்லுவதனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்ற கேள்விகளை இந்தப் படித்துறைப் பேச்சிலிருந்தே தொடங்குவது பொருத்தம்.

இந்த யோசனை மேல்நாட்டிலிருந்து வந்து இறங்கிய சரக்கு என்று நினைக்கிறவர்கள், அதற்கு ஒரு முன்மாதிரி திருவரங்கத்துப் பெருமாளின் முன்னிலையிலேயே இருப்பதை மறந்துவிடுகிறார்கள். பெரியாழ்வார் தம் திருமொழியில் அரங்கனை நோக்கி ஒரு பதிகம் முழுவதும் செய்துகொள்ளும் விண்ணப்பத்தின் சாரம் இதுதான்: கடைசி இளைப்பு வந்து தம்மை வருத்தும் நேரத்தில் அவனை நினைக்கும் சக்தி தமக்கு இராமற் போகலாம், ஆகவே அந்த நேரத்துக்கு உரியதை, நினைவு தெளிவாக இருக்கும் இப்பொழுதே தெரிவித்துக்கொள்ளுகிறார். ஸ்ரீவைஷ்ணவர்கள் போற்றும் வராக சரம சுலோகத்திலும் இதே ஏற்பாட்டை மறுபக்கத்திலிருந்து பார்க்கிறோம். மனமும் சரீரமும் சுவாதீனத்தில் இருந்த காலத்தில் தன்னை நினைத்த பக்தன், பின்னர் உணர்வற்றுக் கிடக்கும்போது, அவனை நினைத்துக் கரையேற்றும் பொறுப்பு தன்னுடையது என்று பகவான் ஒப்புக்கொள்ளுகிறான். ஆழ்வாருக்கு ஒரு சௌகரியம் இருந்தது. அவர் விண்ணப்பம் செய்துகொண்ட இடம் ஒன்றே ஒன்று, மறதியும் இல்லாதது. நம்முடைய விண்ணப்பமோ, ஒருவன் நியூஜெர்ஸியிலும் ஒருவன் அம்பத்தூரிலுமாக இருக்கிற, ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசி மூன்று வருஷமான பிள்ளைகளிடம் போய்ச் சேரவேண்டியிருக்கிறது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 'லிவிங் வில்' என்ற தொடரை 1969இல் ஒரு சட்டப் பத்திரிகைக் கட்டுரையின் வாயிலாகப் பரவச் செய்தவர் சிகாகோ வழக்கறிஞர் லூயிஸ் கட்னர். அதனைச் சொல்லுக்குச் சொல் 'வாழும் உயில்' என்று பெயர்த்தால், உயிலே உயிரோடு நடமாடுவது போல் ஒலிக்கிறது. நம் பத்திர எழுத்தர்கள் உயிலை 'மரண சாசனம்' என்றும் எழுதுவார்கள். அது எழுதியவர் கண்ணை மூடிய பிறகே உயிர் பெறுவது. நாம் பேசுகிற பத்திரமோ அவர் மூச்சு நிற்பதற்கு முன் மட்டுமே வேலை செய்து, நின்ற க்ஷணத்தில் காலாவதியாவது. சுப்ரீம் கோர்ட்டு வைத்திருக்கும் பெயரை ஒட்டி இதனை முன்கூட்டிய வைத்திய சாசனம் என்று சொல்லலாம். இங்கே சுருக்கமாக வைத்திய சாசனம் என்பேன். பத்திரிகைகள் இதன் தலைப்பில் போட்டுவிடும் 'கருணைக்கொலை' என்ற சொல்தான் விஷயத்தைக் கெடுக்கிறது. விஷ ஊசி போட்டு உயிரைப் போக்குவதை இந்தியச் சட்டம் இன்றளவும் அனுமதிக்கவில்லை. குணமாக்காது, சாவை நீட்டிக்க மட்டுமே உதவுகிற சிகிச்சையை வேண்டாமென்று விலக்கிக்கொள்ளுவது வேறு விஷயம்.

அந்த வேற்றுமையை நம் நீதிமன்றங்கள் உணர்ந்து சொல்லப் பல வருஷங்கள் பிடித்தன. 1994இல் ரத்தினம் வழக்கில், தற்கொலை முயற்சியைத் தண்டிப்பதே அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று இரண்டு நீதிபதிகள் சொன்னார்கள். 1996இல் ஞான் கவுர் வழக்கில் ஐவர் அமர்வு அதனை மாற்றி, வாழும் உரிமைக்குள் சாகும் உரிமை அடங்காது என்று தீர்ப்பளித்தது. ஆனால் அதே தீர்ப்பில், இயல்பாகவே முடிவை நெருங்கிவிட்ட ஓர் உயிர் மானத்தோடு முடிவது வாழும் உரிமையைச் சேர்ந்ததே என்ற கருத்துக்கும் இடம் விடப்பட்டிருந்தது. பின்னால் வந்த தீர்ப்புகளெல்லாம் அந்த இடத்தில் கால் ஊன்றியே எழுந்தன. 2006இல் சட்டக் கமிஷன் தனது 196ஆவது அறிக்கையில், சிகிச்சையை மறுக்கும் நோயாளியின் உரிமையை ஒப்புக்கொண்டும், முன்கூட்டி எழுதி வைத்த பத்திரம் செல்லாது என்று சொல்லிற்று. உரிமை உண்டு, அதனை வாயால் சொல்லவேண்டும், வாய் போனபின் உரிமையும் போயிற்று என்றால், மிகவும் வேண்டியவனுக்கு வேண்டிய நேரத்தில் உதவாத உரிமையாக அல்லவா அது முடிகிறது?

அருணா ஷான்பாகின் கதையைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்த அப்பெண்மணி 1973 நவம்பர் 27ஆம் தேதி தாக்கப்பட்டுப் பிரக்ஞை இழந்து, 2015 மே 18ஆம் தேதி நிமோனியா காய்ச்சலில் உயிர் நீங்கும் வரையில், ஏறக்குறைய நாற்பத்திரண்டு வருஷம் அதே ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். அவருக்கு ஊட்டுவதை நிறுத்த அனுமதிக்கவேண்டும் என்று எழுத்தாளர் பிங்கி விரானி தொடுத்த வழக்கில் 2011 மார்ச்சு 7ஆம் தேதி வந்த தீர்ப்பைப் பலரும் சிகிச்சையை விலக்கலாம் என்ற கொள்கைக்காகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. அருணாவுக்காகப் பேசும் தகுதி யாருக்கு என்ற கேள்விக்கு, புத்தகம் எழுதிய விரானிக்கு அன்று, அத்தனை வருஷம் துடைத்துக் குளிப்பாட்டி ஊட்டிய ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கே என்று நீதிபதிகள் விடை சொன்னார்கள். அவ்வூழியர்களோ ஊட்டுவதை நிறுத்தச் சம்மதிக்கவில்லை. அமெரிக்காவில் 1990இல் முடிந்த நான்ஸி குரூஸன் வழக்கிலும் இதே முடிச்சுத்தான். தோழியிடம் எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னது போதாது, தெளிவான சாட்சியம் வேண்டும் என்று ஒரு மாகாணம் கேட்பது நியாயமே என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் சொல்லிற்று. நம் படித்துறைப் பேச்சு எந்த மட்டுக்குச் செல்லும் என்பதை இதிலிருந்து அநுமானித்துக்கொள்ளலாம்.

2011ஆம் வருஷத் தீர்ப்பு, ஒவ்வொரு நோயாளிக்கும் ஹைகோர்ட்டின் அனுமதி பெறவேண்டும் என்றது. அதாவது திருச்சி ஆஸ்பத்திரியில் தகப்பனார் கிடக்க, பிள்ளை நூற்று முப்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள மதுரைக் கிளைக்கு மனுவோடு போய் நிற்கவேண்டும். 'காமன் காஸ்' என்னும் சங்கம் 2005இலேயே தொடுத்திருந்த வழக்கில், 2018 மார்ச்சு 9ஆம் தேதி தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா முதலிய ஐவர், வைத்திய சாசனம் செல்லும் என்று தீர்ப்பளித்தார்கள். செல்லும் என்று சொன்ன கையோடு, அதனைச் செல்லுபடியாக்குவதற்கு வைத்த வாசற்படிகள் ஏழு பிராகாரத்துக்குக் குறைந்தவை அல்ல: முதல் வகுப்பு மாஜிஸ்டிரேட்டு முன்னிலையில் கையெழுத்து, இருபது வருஷ அநுபவமுள்ள நிபுணர்களைக் கொண்ட ஆஸ்பத்திரிக் குழு, அதற்குமேல் கலெக்டர் அமைக்கும் வேறொரு குழு, அதற்கும்மேல் மாஜிஸ்டிரேட்டு நேரில் வந்து நோயாளியைப் பார்ப்பது. உரிமையை ஒரு கையால் கொடுத்து மறு கையால் பூட்டியதாகவே தீவிர சிகிச்சை வைத்தியர்கள் கருதினார்கள். அவர்களுடைய சங்கமே மறுபடி கோர்ட்டுக்குப் போயிற்று.

அதன் பலனாக 2023 ஜனவரி 24ஆம் தேதி நிபந்தனைகள் தளர்ந்தன. இப்பொழுதுள்ள ஏற்பாட்டின்படி, வயது வந்தவராயும் தெளிந்த புத்தியுள்ளவராயும் இருக்கும் எவரும், யாருடைய நிர்ப்பந்தமும் இன்றி, எந்த நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஜட் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்று பெற்றுக்கொண்டால் போதும். தமக்காகச் சம்மதம் சொல்லவேண்டியவர் இன்னார் என்று, ஒருவரையோ ஒருவருக்கு மேற்பட்டவரையோ, அதில் பெயர் சொல்லிக் குறிக்கவேண்டும். ஒரு நகல் அவர்களுக்கு, ஒன்று குடும்ப வைத்தியருக்கு, ஒன்று உள்ளாட்சி அதிகாரிக்கு. ஸ்ரீரங்கத்துவாசிக்கு அது திருச்சி மாநகராட்சி. மனம் மாறினால் எழுத்து மூலம் எப்பொழுது வேண்டுமானாலும் ரத்து செய்துகொள்ளலாம். வேளை வரும்போது, சிகிச்சை செய்யும் வைத்தியரும் ஐந்து வருஷ அநுபவமுள்ள இரு நிபுணர்களும் சேர்ந்த முதற்குழு, நோய் தீராது என்று உறுதிசெய்யவேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒருவரும் புதிய நிபுணர் இருவரும் அடங்கிய இரண்டாம் குழு அதனை ஒப்புக்கொள்ளவேண்டும். கூடியவரையில் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் முடிவு சொல்லவேண்டும். மாஜிஸ்டிரேட்டுக்குத் தகவல் தெரிவித்தால் போதும். குழு மறுத்தால் ஹைகோர்ட்டு இருக்கவே இருக்கிறது. சாசனம் எழுதாதவர் விஷயத்திலும், குடும்பத்தார் சம்மதத்தோடு இதே வழியில் செல்ல இடமுண்டு.

கோவாவில் 2024 மே மாதத்தில் ஹைகோர்ட்டு நீதிபதி எம்.எஸ். சோனக் தம்முடைய சாசனத்தைத் தாமே பதிவு செய்து வழி காட்டினார். கர்நாடக அரசாங்கம் 2025 ஜனவரி 30ஆம் தேதி இதற்கான உத்தரவு பிறப்பித்தது. மனநோய்ச் சிகிச்சைக்கென்று 2017ஆம் வருஷச் சட்டம் அனுமதிக்கும் முன்கூட்டிய பத்திரம் ஒன்றும் உண்டு; பெயர் ஒற்றுமையைக் கண்டு இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

சட்டம் சொன்னதெல்லாம் கடுதாசியில் எப்படி இறங்குகிறது என்று பார்க்க எனக்கு ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்தாறு வருஷம் உழைத்து ஓய்வு பெற்ற என் நண்பர், தாமே டைப் செய்த மூன்று பக்கங்களோடு என்னையும் அழைத்துக்கொண்டு கன்டோன்மென்டுக்குப் போனார். நோட்டரி வக்கீல் முதல் பக்கத்தைப் புரட்டினார், கடைசிப் பக்கத்தைப் புரட்டினார், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "சொத்து விவரத்தைக் காணோமே?" என்றார். இதில் சொத்தே இல்லை என்று நண்பர் சொல்ல, "அப்புறம் எதுக்கு சார் உயில்?" என்று அவர் உண்மையான கவலையோடு கேட்டார். விஷயம் விளங்கக் கால் மணி நேரமாயிற்று. விளங்கிய பிறகு வந்த தடை வேறு: சாட்சிக்காக நாங்கள் கூட்டிச் சென்றிருந்த பக்கத்து வீட்டுக்காரர், பத்திரத்தை வாசித்துப் பார்த்ததும், "உங்க சாவுக்கு நான் கையெழுத்துப் போடறதா? என்னை விட்டுடுங்கோ" என்று வெளியே போய் நின்றுகொண்டார். வக்கீலின் ஜூனியர் பையன் ஒருவன்தான் அந்த இடத்தைப் பூர்த்தி செய்தான். பேரேட்டில் இதனை எந்த வகையில் பதிவது என்று சிறிது யோசித்த வக்கீல், 'இதரப் பத்திரம்' என்று எழுதிக்கொண்டார்.

அந்த மூன்று பக்கங்களில் இருந்தது இதுதான். தமக்கு நினைவு திரும்பாது, அல்லது நோய் தீராது என்று வைத்தியர்கள் தீர்மானித்த பிறகு, வென்டிலேட்டர் வேண்டாம், வைத்திருந்தால் எடுத்துவிடலாம், இதயம் நின்றால் மார்பை அழுத்தி மீட்க முயல வேண்டாம், டயாலிஸிஸ் வேண்டாம். வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் எந்த மருந்தும் தாராளமாகத் தரலாம், மார்பின் உட்பட, அதனால் மயக்கம் மிகுந்தாலும் பாதகமில்லை. முடிந்தால் வீட்டுக்குக் கொண்டுவரவேண்டும். வாயில் துளசி தீர்த்தம் விடத் தடை சொல்லக்கூடாது. வைத்தியர்களுக்கு வேண்டிய தெளிவு இதில் இருக்கிறது. 'வீணான சிகிச்சை வேண்டாம்' என்று மொட்டையாக எழுதினால் எது வீண் என்று யார் சொல்லுவது? தெளிவற்ற பத்திரத்தைக் குழு ஏற்கவேண்டியதில்லை என்று தீர்ப்பிலேயே இருக்கிறது.

ஆனாலும், எந்தெந்த யந்திரம் வேண்டாம் என்ற ஜாபிதாவைவிட, யார் பேசவேண்டும் என்ற ஒரு வரியே இச்சாசனத்தின் பிராணன் என்பது என் அபிப்பிராயம். இதனை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில வருஷங்களுக்கு முன் என் அத்தை, எழுபத்தெட்டு வயதில், மூளையில் ரத்தம் கசிந்து, திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பத்தொன்பது நாள் இருந்தாள். குழாயைப் பிடுங்கிவிடாதபடி அவள் இரண்டு மணிக்கட்டையும் வெள்ளைத் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். கழுத்திலிருந்த துளசி மாலையைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, பெயர் எழுதி, என் கையில் கொடுத்தார்கள். ஒவ்வொரு சாயங்காலமும் ஐந்து நிமிஷம் உள்ளே விடுவார்கள். வைத்தியர் கேட்டது கடுமையான கேள்வி அன்று, "என்ன செய்யலாம்னு நினைக்கிறீங்க?" என்பதுதான். அவளுடைய சின்னப் பிள்ளை, "அண்ணா என்ன சொல்றானோ" என்றான். அண்ணன் கடல் கடந்த நாட்டிலிருந்து, "நான் வராம எதையும் நிறுத்தாதே, பணத்தைப் பத்திக் கவலைப்படாதே" என்றான். அத்தையை அறிந்த எங்களுக்கெல்லாம் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்பது தெரியும். ஆனால் தாயைச் சாகவிட்டான் என்ற பேச்சுக்கு ஆளாக எந்தப் பிள்ளைதான் துணிவான்? அந்தப் பத்தொன்பது நாளும் யந்திரம் ஓடியதற்கு வைத்திய சாஸ்திரத்தைவிட ஊர் வாய்க்குப் பயந்த பயமே பெரிய காரணம் என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது.

நம் பக்கத்தில் இதற்கு ஏற்கெனவே ஒரு வழக்கம் இருக்கிறது. யாரும் அதற்குப் பெயர் வைப்பதில்லை. "இனிமே ஒண்ணும் இல்லை, வீட்டுக்கு எடுத்துண்டு போயிடுங்கோ" என்று சொல்லிவிடுவது. வைத்தியர் யோசனைக்கு மாறாக அழைத்துச் செல்வதாகக் குடும்பத்தாரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுவது. கைப்பம்பை அழுத்தியபடியே ஆம்புலன்ஸில் கொண்டுவந்து, கூடத்தில் தெற்கே தலை வைத்துக் கிடத்தி, பாலோ தீர்த்தமோ ஊற்றி, பம்பை எடுத்துவிடுவது. இதில் கருணை உண்டு. ஆனால் பொய்யும் உண்டு, ஏனென்றால் வைத்தியரின் யோசனையே அதுதான். வழியிலும் வீட்டிலும் வலிக்கு மருந்து தர ஆள் இராது. சட்டம் வழி திறந்தபின் இந்தக் கள்ளக் கையெழுத்துக்கு அவசியம் இல்லை.

ஆக்ஷேபங்களை அலட்சியம் செய்வதற்கில்லை. விருதுநகர்ச் சீமையில் முதியவருக்கு விடியற்காலையில் தலை நிறைய எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து முடித்துவிடும் 'தலைக்கூத்தல்' என்ற கொடுமை நம் காலத்திலேயே பத்திரிகைகளில் வெளிவந்தது. நிலப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கத் தெரிந்த பிள்ளைக்கு இதில் வாங்கத் தெரியாதா என்று கேட்பது நியாயமான கேள்வி. இரண்டு குழுக்களும் நிற்பது அதற்காகத்தான்; பத்திரம் இருப்பதனால் மட்டும் யாருடைய மூச்சும் நிற்பதில்லை, நோய் தீராது என்று ஆறு பேர் சொல்லவேண்டும். அவ்வாறு சொல்ல ஆறு பேர் கிடைப்பதற்குத் திருச்சி புத்தூர் அரசு ஆஸ்பத்திரி போன்ற இடத்தில் கஷ்டம் இல்லை. துறையூரிலோ தொட்டியத்திலோ ஒரு சிறு ஆஸ்பத்திரி அவர்களுக்கு எங்கே போகும்?

இன்னொரு ஆக்ஷேபம் இதைவிடக் கனமானது. ஏழையின் வீட்டில் 'வேண்டாம்' என்ற சொல், உண்மையில் 'முடியாது' என்ற சொல்லாக இருந்துவிடலாம். வலி தணிக்கும் சிகிச்சை எல்லாருக்கும் எட்டாத தேசத்தில் சிகிச்சையை மறுக்கும் உரிமை அரை உரிமைதான். மரணத் தறுவாயின் பராமரிப்பை வைத்து 2015இல் எண்பது தேசங்களை வரிசைப்படுத்திய ஓர் ஆய்வில் இந்தியா அறுபத்தேழாவது இடத்தில் நின்றது. மார்பின் கிடைப்பதற்கிருந்த தடைகளைத் தளர்த்தப் போதைப் பொருள் சட்டத்தை 2014இல்தான் திருத்தினார்கள். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடிச் சென்று வலி தணிக்கும் பராமரிப்பும் சேர்ந்திருப்பது, இவ்விஷயத்தில் எந்தத் தீர்ப்புக்கும் குறையாத காரியம்.

உணவை மறுத்து உயிர் விடுவதற்கு நம் மண்ணில் பழைய சான்றுகள் உண்டு என்று சிலர் பெருமையோடு எடுத்துக்காட்டுவார்கள். இன்று சுருட்டுக்கும் கைத்தறிக்கும் பெயர்போன திருச்சி உறையூரில்தான் கோப்பெருஞ்சோழன் அரசிருந்தான்; தன் பிள்ளைகளோடு பகை மூண்டபின் அவன் வடக்கிருந்ததையும், நேரில் கண்டறியாத பிசிராந்தையார் பாண்டிநாட்டிலிருந்து வந்து உடனிருந்ததையும் புறநானூறு பேசுகிறது. செஞ்சிக்கு அருகில் திருநாதர்குன்றத்துக் கல்வெட்டு, சந்திரநந்தி என்னும் ஜைன ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து முடிந்ததைக் குறிக்கிறது. 1982 நவம்பரில் வினோபா பாவே உணவையும் மருந்தையும் மறுத்துப் பவனாரில் உயிர் நீத்தார். ஆயினும் சோழனுடையது மானம் காத்த வீரம், முனிவருடையது விரதம். பேசும் சக்தி இருந்தவர்கள் தாமே செய்துகொண்டவை. வைத்திய சாசனத்துக்கு இவற்றில் ஒன்றே ஒன்றுதான் உறவு என்று நினைக்கிறேன்: சோழன், தன் பக்கத்தில் யார் வந்து உட்காருவார் என்பதை முன்னமே சொல்லி, அவருக்கு இடம் ஒழித்து வைத்திருந்தான்.

என் நண்பரின் சாசனத்தில் அந்த இடத்துக்கு அவர் எழுதியிருந்த பெயர் பிள்ளையினுடையது அன்று, மருமகளுடையது. கன்டோன்மென்டிலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் திரும்பும்போது, காவிரிப் பாலத்தின் மேல் வண்டி ஊர்ந்துகொண்டிருக்கையில், பிள்ளை வருத்தப்பட மாட்டானா என்று கேட்டேன்.

"படுவான். படட்டும், ஓய். ஆஸ்பத்திரியிலே அவன் அழுதுண்டு நிப்பான், இவதான் கண்ணாடியைப் போட்டுண்டு மூணு பக்கத்தையும் முழுசாப் படிப்பா" என்றார். அன்று ராத்திரியே இருவரையும் கூடத்தில் உட்காரவைத்து அவர் அதனை வாசித்துக் காட்டினார். பிள்ளை எழுந்து திண்ணைக்குப் போய்விட்டான். மருமகள் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியைக் காட்டி, "தீர்த்தம்னு போட்டிருக்கேளே அப்பா, நம்மாத்துத் தீர்த்தமா, கோவில்லேர்ந்து வாங்கிண்டு வரணுமா?" என்று கேட்டாள்.